சுகர்க்காரங்க கடை

1

போன தை மாதத்தில் எங்கள் கடைக்குப் பத்து வயது முடிந்தது. பாரிசுக்கு வடக்கே ரயிலில் அரை மணி நேரம் போனால் வரும் புறநகர் ஒன்றில், மருந்துக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் உணவகம். அன்று காலை வெளியே பனி கொட்டிக் கிடந்தது. என் மனைவி புவனா வாசலில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள். நிஜ மாவிலைக்கு இங்கே எங்கே போவது? நான் உள்ளே வரகுப் பொங்கலுக்கு மிளகு இடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கடலூரிலிருந்து என் தங்கை வளர்மதி கூப்பிட்டாள்.

வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, எடுத்த எடுப்பில் "தேங்க்ஸ்மா" என்றேன்.

"எதுக்குண்ணே தேங்க்ஸு? நானே அழுதுகிட்டு கெடக்கறேன்."

விஷயம் இதுதான். அவள் மகள் அபிநயாவுக்குச் சிதம்பரத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. பையன் பெயர் சரண், பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறான். ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோ பார்த்து இரண்டு பக்கமும் பிடித்துப்போய், பிள்ளைகள் போனில் பேசவும் ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பையனின் அம்மா, நடுவில் நின்று பேசுகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கிறார். எல்லாம் திருப்தி, அந்தக் கடையை மட்டும் மூடிவிட வேண்டும், பத்திரிகை அடிப்பதற்கு முன்பே மூடியிருக்க வேண்டும்.

அந்தக் கடை என்றால் சாராயக் கடை இல்லை, சீட்டுக் கம்பெனியும் இல்லை. என் தங்கை வீட்டுக்காரர் தனசேகர் மஞ்சக்குப்பத்தில் நடத்தும் உணவகம். கேழ்வரகு அடை, சாமை சாதம், கொள்ளு ரசம், முடக்கத்தான் தோசை. உடம்புக்கு ஆகாத ஒரு பொருளை அங்கே தேடினாலும் கிடைக்காது. அதை மூடினால்தான் பெண் எடுப்பார்களாம்.

"மச்சான் என்ன சொல்றாரு?"

"பொண்ணு வாழ்க்கையவிட கடை பெருசா, மூடிட்டுப் போறேன்னு உக்காந்துட்டாரு. பேச்சு பேச்சா இருக்கே ஒழிய ராத்திரி சோறு எறங்கல அவருக்கு. இவ என்னடான்னா, கடைய மூடித்தான் கட்டிக் குடுப்பீங்கன்னா எனக்குக் கல்யாணமே வேணாங்கறா. மாசி பொறந்ததும் பொண்ணு பாக்க வராங்க. அன்னிக்கே வாக்கு குடுக்கணுமாம். தாய்மாமன் நீ வந்து நிக்காம எப்புடிண்ணே?"

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் காது குத்தக்கூட ஆள் உட்காராது. நான் டிக்கெட் போட்டேன். ஆண்டு விழாவுக்கு வந்த வாடிக்கையாளர்களுக்குப் புவனாவே தினைப் பாயசம் ஊற்றினாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், என் புருஷனை ஊரில் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

2

எங்கள் கடையைப் பற்றி நாலு வார்த்தை சொன்னால்தான் மச்சானின் கடை புரியும். அதனால் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கடலூர் முதுநகரில் வளர்ந்தவன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். புதுச்சேரியில் பாட்டன் காலத்திலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பத்தில் புவனாவைக் கட்டி, மறுவருஷமே இங்கே வந்து சேர்ந்தேன். வந்த புதிதில் ஒரு பெரிய உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். பிறகு காய் நறுக்கினேன், பிறகு அடுப்பைக் கொடுத்தார்கள். அங்கே வருகிறவர்கள் எல்லாம் லேசாக ஏதாவது இருக்கிறதா, எண்ணெய் இல்லாமல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நம் வீட்டில் காய்ச்சலில் படுத்து எழுந்தவனுக்குப் போடும் பத்தியச் சாப்பாட்டுக்கு இந்த ஊரில் இவ்வளவு கிராக்கியா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். துணிந்து தனிக்கடை போட்டோம். மைதா கிடையாது, பொரித்தது கிடையாது, வெள்ளைச் சர்க்கரை கிடையாது. கடை நன்றாக ஓடுகிறது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

அதிகாரிகளோடு பழகத்தான் நாளானது. இங்கத்திய சட்டப்படி கடுகு ஓர் ஒவ்வாமைப் பொருள். எள்ளும் அப்படித்தான். எந்தப் பதார்த்தத்தில் கடுகு இருக்கிறதோ அதையெல்லாம் எழுதிக் காட்ட வேண்டும். தாளிக்காமல் நாம் எதை அடுப்பிலிருந்து இறக்கியிருக்கிறோம்? எங்கள் மெனு அட்டையில் கடைசி வரியைத் தவிர எல்லாவற்றுக்கும் பக்கத்தில் கடுகு என்று இருக்கும். கடைசி வரி காபி. சோதனைக்கு வந்த அம்மாள் அதைப் படித்துவிட்டு, கடுகில்லாமல் உங்களுக்குச் சமைக்கவே தெரியாதா என்று கேட்டார். தெரியும், ஆனால் அப்புறம் வீட்டில் சேர்க்க மாட்டார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அதே அம்மாள்தான் வாசல் கரும்பலகையில் நான் எழுதி வைத்திருந்த 'சர்க்கரை நோய்க்கு நல்லது' என்ற வரியை அழிக்கச் சொன்னார். சாப்பாட்டைச் சாப்பாடாக விற்க வேண்டும், நோய்க்கு மருந்தென்று சொல்லி விற்கக் கூடாது, சட்டம் அப்படி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உள்ளதைச் சொன்னால் குற்றமா என்று தமிழில் திட்டிக்கொண்டே நின்றேன். புவனாதான் ஈரத்துணியை எடுத்து அழித்தாள்.

என் பிரெஞ்சின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை நகராட்சி விருந்தில், இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்ட துணைமேயரிடம் 'வயிறு நிறைந்துவிட்டது' என்பதை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்துச் சொன்னேன். இந்த ஊர் வழக்கில் அதற்கு, முட்டக் குடித்திருக்கிறேன் என்று பொருளாம். ஆரோக்கிய உணவகம் நடத்துகிறவன் வாயில் வரக்கூடிய பேச்சா அது? என் மகன் ஆதவன் பக்கத்தில் நின்றவன், இரண்டு நாள் என்னோடு வெளியே வரவில்லை.

ஆதவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நீளும். கல்லூரிக்குப் போனதிலிருந்து பால், தயிர், முட்டை, மீன் எதுவும் தொடுவதில்லை. மற்றதுகூடப் போகட்டும், முதுநகர்க்காரன் பிள்ளை மீன் குழம்பு வாசனைக்கு ஜன்னலைத் திறக்கிறான். நான் தமிழில் கேட்டால் அவன் பிரெஞ்சில் பதில் சொல்கிறான். ஒரே மேஜையில் உட்கார்ந்து ஆளுக்கொரு சாப்பாட்டை ஆளுக்கொரு பாஷையில் சாப்பிடுகிறோம். எனக்கு வருத்தம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் கடைச் சாப்பாட்டை மட்டும் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றுவிட்டுப் போகிறான். அதுவரைக்கும் லாபம்.

மச்சானுக்காக நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் கடையில் முதலில் நிரம்புவது தெருவைப் பார்த்த கண்ணாடி ஓரத்து மேஜை. அங்கே உட்கார்ந்து கீரையும் சுண்டலும் சாப்பிடுவதை ஊர் பார்க்க வேண்டும் என்று வருகிறார்கள். என் உடம்பை நான் கவனித்துக்கொள்கிறேன் பார் என்பது இங்கே ஒரு கௌரவம். இங்கே ஒளித்துத் தின்பது வேறு பண்டங்களை. எங்கள் நீண்ட கால வாடிக்கையாளரான ஒரு கிழவி, கண்ணாடி ஓரத்தில் உட்கார்ந்து கொள்ளு சூப்பைச் சொட்டுச் சொட்டாகக் குடித்து முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமைகளில் புவனா எங்களுக்கென்று போடும் வாழைக்காய் பஜ்ஜியைச் சமையற்கட்டு வழியாக வந்து காகிதத்தில் சுருட்டி வாங்கிக்கொண்டு போவார்.

3

மச்சான் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். அபிநயா ஊட்டச்சத்துப் பட்டப்படிப்பு முடித்ததும், ரெண்டு பேருமாகச் சேர்ந்து கடை போடலாம் என்று அவள்தான் பேச்செடுத்தாள். எங்கள் கடையை வீடியோவில் பார்த்துப் பார்த்து, அதே மாதிரி முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்தார்கள். கண்ணாடி ஓரத்தில் மேஜை போட்டார்கள். குமராட்சிப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் பேசி மாப்பிள்ளை சம்பா அரிசி நேராகக் கடைக்கு வரும்படி செய்தார்கள். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கிய மச்சானை அப்போது நான் போனில் மெச்சியது எனக்கு நினைவிருக்கிறது.

நான் போய் இறங்கிய மதியம் கடையில் எல்லா மேஜையும் காலி. கலெக்டர் ஆபீசும் கோர்ட்டும் இருக்கிற மஞ்சக்குப்பத்தில், பக்கத்துப் பிரியாணிக் கடையில் ஆள் நின்றுகொண்டு சாப்பிடுகிற நேரம் அது. மச்சான் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மச்சான், ஈ ஓட்டுறியா?" என்றேன்.

"ஈயும் வரல மச்சான். அதுக்கும் சுகர்னு பேராயிடும்ல."

சொல்லி வாய் மூடவில்லை, ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர் பக்கத்துச் சந்து வழியாகச் சமையற்கட்டுக்கு வந்து நின்றார். கேழ்வரகு அடை ரெண்டு, சாமை சாதம் ஒண்ணு. "கறுப்பு கவர்ல போடுங்கண்ணே" என்றார். வாங்கி, வண்டியின் முன்பெட்டிக்குள் திணித்துக்கொண்டு பறந்தார். அவருக்குப் பின்னால் புடவைத் தலைப்பால் பாதி முகத்தை மூடிய ஒரு டீச்சரம்மா. அவருக்குப் பின்னால் ஒரு வக்கீல், குமாஸ்தாவைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு. அதே தெருவில் ஒயின் ஷாப்புக்குப் போகிறவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறான், கேழ்வரகு அடை வாங்குகிறவன் திருடன் மாதிரி வருகிறான். இந்தக் கூத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

"உள்ள உக்காந்து சாப்ட மாட்டாங்களா?"

"ஒருத்தன் உக்கார மாட்டான்."

காரணம் வாசலுக்கு மேலேயே இருந்தது. மச்சான் ஆசை ஆசையாக எழுதி வைத்த போர்டு. 'சுகர், பி.பி., கொலஸ்ட்ரால், மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஏற்ற உணவகம்.' எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழம். கடைக்கு நல்ல பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள், ஆனால் ஊர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆட்டோக்காரரிலிருந்து எல்லாருக்கும் இது சுகர்க்காரங்க கடை.

அபிநயாதான் எனக்கு விளக்கினாள். "மாமா, அங்க கண்ணாடிகிட்ட உக்காந்தா உடம்ப பாத்துக்கறவங்கன்னு பேரு. இங்க உக்காந்தா வியாதிக்காரங்கன்னு பேரு. வீட்ல வயசுப் பொண்ணு இருக்கறவங்க இந்தப் பக்கம் தலைய வச்சிகூட படுக்க மாட்டாங்க. அப்பனுக்கு சுகர், நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்னு மாப்பிள்ளை வீட்ல பேசுவாங்கல்ல? தோ, எனக்கே பேசிட்டாங்களே."

"உங்க அப்பாவுக்கு சுகரே கெடையாதே."

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "அதையேன் கேக்கற மச்சான்! நேத்து ஒருத்தர் வந்து என் கையப் புடிச்சிகிட்டு, கால்ல புண்ணு கிண்ணு வந்தா அலட்சியமா வுட்டுடாதீங்கன்றாரு. நான் என்ன, ரோட்டுல நின்னு ஜிலேபி தின்னு காட்டவா?"

போர்டை மாற்று, அந்த வியாதிப் பட்டியலை எடு, எங்கள் ஊரில் சட்டமே எடுக்கச் சொல்கிறது என்று நான் ஒரு மணி நேரம் பேசினேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு யோசனை சொல்லாமல் இருக்க முடியாது, அது ஒரு வியாதி. மச்சான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூடப்போற கடைக்கு எதுக்கு மச்சான் புது போர்டு?" என்றார். அவர் எழுந்துபோய்க் காலி மேஜைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். யாரும் உட்காராத மேஜையில் துடைக்க என்ன இருக்கிறது? அந்த மனுஷன் அந்தக் கடையை எவ்வளவு நேசிக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அபிநயா அன்று சாயங்காலம் என்னிடம் தனியாகச் சொன்னாள். "சரண எனக்குப் புடிச்சிருக்கு மாமா. அவருக்கும் கடைய மூடணும்னு இல்ல, அம்மா பேச்சத் தாண்ட முடியாம இருக்காரு. நாளைக்கு அப்பா வாக்கு குடுக்கறதுக்கு முன்னாடி நானே அவுங்க அம்மாகிட்ட பேசிடறேன். கடை இருக்கும், நான் அதுல வேலை பாப்பேன், சம்மதம்னா சொல்லுங்கன்னு."

"அவுங்க முடியாதுன்னா?"

"முடியாதுன்னா முடியாது" என்றாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் கரகரத்தது.

4

பெண் பார்ப்பதைத் திருவந்திபுரம் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்பது மாப்பிள்ளை வீட்டார் யோசனை. வீடென்றால், பிடிக்காமல்போனால் சங்கடம், கோயிலென்றால் சாமி கும்பிட வந்த மாதிரி போய்விடலாம். அது புதன்கிழமை, நல்ல முகூர்த்தம். முகூர்த்த நாளில் திருவந்திபுரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைப்படியில் மாலையும் கழுத்துமாக ஜோடிகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நாதஸ்வரம் ஒன்று முடிவதற்குள் இன்னொன்று தொடங்கியது.

சிதம்பரத்திலிருந்து காரில் மூன்று பேர் வந்தார்கள். சரண், அவன் அப்பா நடேசன், அம்மா மல்லிகா. கூட்டத்தில் சேர்ந்து நிற்க ஓர் இடம் பிடிப்பதற்குள் ராகு காலம் ஆரம்பித்துவிட்டது. நடேசன் நாள் நட்சத்திரத்தில் கெட்டி. "ராகு காலம் கழியட்டும், அப்புறமா பொண்ண காட்டுங்க" என்றார். சரி, அதுவரைக்கும் பக்கத்தில் எங்கேயாவது சாப்பிட்டுவிட்டு வரலாமே என்று நான் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க வெளிநாட்ல இருக்கறவரு. பேசி முடிக்காம பொண்ணு வீட்டாரோட எப்புடிங்க கை நனைக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. தெரியாத வழக்கமா? பெண் பார்க்க வந்த இடத்தில் பஜ்ஜி, கேசரி, காபி வரைக்கும்தான். இலை போட்டுச் சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்ததாக ஆகிவிடும், பிறகு பின்வாங்க முடியாது. இத்தனை வருஷத்தில் நான் மறந்துபோயிருக்கிறேன். தாய்மாமனாக வந்து நிற்கிறவன் மறக்கக்கூடிய விஷயமில்லை. மச்சான் என்னைப் பார்த்து, வாயை மூடிக்கிட்டு நில்லு என்று கண்ணாலேயே சொன்னார்.

ஆகவே ஒருவரும் சாப்பிடவில்லை. வெயில் ஏறியது. மல்லிகா அம்மா மண்டபத்துத் தூணோரம் உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவை, நிமிர்ந்த முதுகு, யாரிடமும் அதிகம் பேசவில்லை. என் தங்கை எழுந்து போய்ப் பேச்சுக் கொடுத்தாள், ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. கடையை மூடச் சொன்ன மகராசி இவர்தானே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். மாமியாராக வந்தால் அபிநயாவை எப்படி வைத்துக்கொள்வாரோ என்று பயமாகவும் இருந்தது.

ராகு காலம் கழிந்தது. அபிநயாவைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். அவள் எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, நேராக மல்லிகா அம்மாவின் எதிரில் போய் உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

மல்லிகா அம்மாவின் நெற்றியிலும் உதட்டுக்கு மேலும் வேர்வை முத்து முத்தாக நின்றது. கை நடுங்கியது. என்ன செய்கிறது என்று அபிநயா கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ பதில் சொன்னார். முகம் வெளுத்துவிட்டது.

"ஆன்ட்டி, காலைல மாத்திரை போட்டீங்களா? அதுக்கப்புறம் என்ன சாப்ட்டீங்க?"

"என்ன மாத்திரை? அவளுக்கு ஒண்ணுமில்ல, வெயிலு" என்று நடேசன் குறுக்கே வந்தார்.

அபிநயா அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. மல்லிகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதையே கேட்டாள். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு லேசாகத் தலையை ஆட்டி முணுமுணுத்தார். போட்டேன். வெறும் காபிதான் குடித்தேன்.

"மாமா, கீழ கடையில பன்னீர் சோடா! ஓடுங்க!"

ஓடினேன். கல்யாண ஜோடிகளை இடித்துக்கொண்டு, பட்டுவேட்டி தடுக்க, அந்தப் படியில் நான் இறங்கிய வேகத்தைப் பார்த்தவர்கள் யாரோ தாலியைத் திருடிக்கொண்டு ஓடுகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். அபிநயா சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். முழு சர்க்கரை. எங்கள் இரண்டு கடைக்கும் ஆகாத பொருள், அன்றைக்கு அதுதான் அந்த அம்மாவை நிமிர வைத்தது. சற்று நேரத்தில் நடுக்கம் குறைந்து, முகம் தெளிந்தது.

"இது தாங்காது. ஒடனே சாப்பாடு சாப்டணும்" என்றாள் அபிநயா.

"சிதம்பரம் போயி சாப்ட்டுக்கறோம்" என்றார் நடேசன்.

"அங்க போறதுக்குள்ள மறுபடியும் சுகர் எறங்கிடும் அங்கிள். இங்க இன்னிக்கு எந்த ஓட்டல்லயும் எடம் இருக்காது. எங்க கடை போற வழியிலதான் இருக்கு."

நடேசன் வாயைத் திறப்பதற்குள் சரண் அம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பிக் காருக்கு நடத்திப் போனான்.

5

கடை வாசலில் இறங்கிய மல்லிகா அம்மா அந்தப் போர்டை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உள்ளே நுழைந்து, கைக்கு எட்டிய முதல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது கண்ணாடி ஓரத்து மேஜை. கடை திறந்த நாளிலிருந்து வெளியாள் ஒருவர் அங்கே உட்காருவது அதுதான் முதல் தடவை என்று என் தங்கை பிறகு சொன்னாள்.

மச்சான் பதறிப்போய்விட்டார். "அம்மா, உள்ள வந்து உக்காருங்க. இங்க தெருவுல போறவங்களுக்கு எல்லாம் தெரியும்."

"அப்பா, அவுங்கள எழுப்பாதீங்க" என்றாள் அபிநயா. இலை போட்டு, சாமை சாதம் வைத்து, கொள்ளு ரசம் ஊற்றினாள். பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியல்.

மல்லிகா அம்மா இலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். வெளியே காரோரம் நின்ற நடேசனின் பார்வை இங்கேயே இருந்தது. கோர்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்த நாலைந்து பேர், சுகர்க்காரங்க கடையில் யாரோ உட்கார்ந்திருக்கிற அதிசயத்தைப் பார்த்து நின்றுவிட்டார்கள். அபிநயா ரசக் கரண்டியோடு நின்றாள்.

அந்த அம்மா சாதத்தைப் பிசைந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு பசி வந்தவர் மாதிரி வேகமாகச் சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா" என்று அவரே கேட்டார்.

பாதி இலையில் பேச ஆரம்பித்தார். "எனக்கு ரொம்ப வருஷமா இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு மட்டுந்தான் தெரியும். மாத்திரைய பூஜை அலமாரில வச்சிருக்கேன். சின்னப் பொண்ணு ஒருத்தி காலேஜு முடிக்கப் போறா, அவளுக்கு மாப்பிள்ளை பாக்கணும். அம்மாக்காரிக்கு இருக்குன்னு வெளிய தெரிஞ்சா யாரு வருவா? சுகர் கடை வச்சிருக்கறவங்க சம்பந்தின்னு சொன்னா, அப்ப அவுங்க வீட்லயும் இருக்கும்னு தோண்ட ஆரம்பிச்சிடுவாங்கன்னு பயம். அதான் மூடச் சொன்னேன். பாவம், உங்க பொழப்புல கை வச்சிட்டேன்."

கடையை மூடச் சொன்ன மகராசி என்று நான் காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்தவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். எனக்கும் அழுகை வந்தது. சொல்வதில் என்ன வெட்கம்?

சரண் சுவரோரம் நின்றிருந்தான். "எங்கிட்டகூட சொல்லலியேம்மா" என்றான். அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவருக்கு எதிரில், அதே கண்ணாடி ஓரத்தில் உட்கார்ந்தான். "எனக்கும் ஒரு இலை போடுங்க" என்று அபிநயாவைப் பார்த்துச் சொன்னான்.

வெளியே நின்ற நடேசனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உள்ளே வந்தார். "என்னடா இது, பேசி முடிக்கல, தட்டு மாத்தல, நீ பாட்டுக்குக் கை நனைக்கற?"

"நான் நனைச்சி எவ்ளோ நேரமாச்சி" என்றார் மல்லிகா அம்மா. "இன்னிக்கு நான் விழுந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? ராகு காலம் பாத்துகிட்டு நின்னிருப்பீங்க. நீங்களும் வந்து உக்காருங்க, உங்களுக்கும் பசிக்குதுன்னு மூஞ்சியிலயே தெரியுது."

அவர் என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். மச்சானுக்குக் கை கால் ஓடவில்லை. இலையை எடுக்கப் போனவர் தண்ணீர் ஜாடியை எடுத்து வந்தார். என் தங்கை அவர் கையிலிருந்து ஜாடியை வாங்கிக்கொண்டு, இலையை அவளே போட்டாள்.

அபிநயா பரிமாறி முடித்துவிட்டு, முந்தின நாள் என்னிடம் சொன்னதை மல்லிகா அம்மாவிடம் அப்படியே சொன்னாள். கல்யாணத்துக்கு அப்புறமும் நான் கடைக்கு வருவேன், சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன், உங்களுக்குச் சம்மதமா என்று. அவள் குரல் இந்தத் தடவை கரகரக்கவில்லை.

மல்லிகா அம்மா இலையை மடித்துவிட்டு எழுந்தார். கை கழுவிக்கொண்டு வந்து, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே மச்சானிடம் கேட்டார்.

"ஏன்ண்ணே, கடைக்கு லீவு என்னிக்கு?"

"ஞாயித்துக்கெழமைங்க."

"அப்ப நிச்சயத்த ஒரு ஞாயித்துக்கெழமையா பாருங்க. அதுக்கெல்லாம் போயி எதுக்குக் கடைய சாத்தணும்?"